பதினோரு கே.வி. கம்பியில் சூறைக்குருவிகள்

புரட்டாசி இரண்டாம் சனி.
பேரையூர் ஃபீடர், கம்பம் நூற்றுப்பதினாலு.
ஏணியைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால்
மூன்று கம்பியும் தொய்கிற அளவுக்குச்
சூறைக்குருவிகள்.

வடக்கே எங்கிருந்தோ,
பாலையும் பனிமலையும் தாண்டி வருவதாகக்
கல்லுப்பட்டி சயின்ஸ் டீச்சர் சொன்னார்.
வந்த களைப்பு உடம்பில் தெரிகிறது:
ரேஷன் சாக்கு நிறம்,
தலையிலும் இறக்கையிலும் கழுவாத கறுப்பு.
பாதிக்கு மேல் இந்த வருசத்துக் குஞ்சுகள்.
சாப்டூர் மலையை இதற்கு முன் கண்டதில்லை.
ஒன்றுகூட யாரிடமும் வழி கேட்கவில்லை.

ஐப்பசியில் கரிசல் நனைந்தது.
கார்த்திகையில் புழு, வெட்டுக்கிளி.
அதுவரை மாயக்காளுக்கு அவற்றின்மேல் கோபமில்லை.
"தின்னட்டும், மருந்துச் செலவு மிச்சம்."

மார்கழியில் சோளக்கதிர் பால் பிடித்ததும்
பரண் கட்டினாள்.
தகரத்தை அடித்தாள், கவண் சுழற்றினாள்.
கூட்டம் எழுந்தது, சுருங்கியது, விரிந்தது,
பக்கத்துக் காட்டில் விழுந்து
மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது.
பிறகு என்னை வைதாள்:
"ஒங்க கம்பியிலதான உக்காந்து வருது!
கரண்ட விட்டு முடிச்சுவிடு, இருளப்பா."
ஒத்தக் கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது மாயக்கா,
இரண்டையும் தொட்டால்தான்.
"அப்ப தொடச் சொல்லு."

தை ஒன்பதில் ஒன்று தொட்டது.
நாலு ஊர் இருட்டு.
ஃப்யூஸைப் போட்டுவிட்டுக் குனிந்தால்
ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில் கிடக்கிறது.
கையுறையைக் கழற்றி
மார்பு இறகு ஒன்றை நகத்தால் விலக்கினேன்.
நுனியில்தான் அந்த அழுக்கு.
அடியில்,
கொடுக்காப்புளி வெடித்தால் தெரியுமே,
அந்த ரோஸ்.

மாசியில் சிவப்பதற்கு
அவை புது இறகு முளைப்பதாக
இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.
தட்டையில் உரசி, கருவேல முள்ளில் உரசி,
காற்றிலும் உரசி
நுனி தேய்கிறது.
அவ்வளவுதான்.

கண்மாய்க்கரை முருக்கமரம் பூத்தது.
பூவுக்குள் தலையை விட்டு எடுத்த குருவிக்கு
நெற்றியெல்லாம் மகரந்தம்.
பங்குனியில் கொண்டை நீண்டது,
அறுத்த காட்டில் ஒன்றோடொன்று சண்டை.
பாட்டு என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்,
எண்ணெய் வற்றிய சைக்கிள் செயின்.
மாயக்காள் படப்பு போட்ட கையோடு
அண்ணாந்து நின்றாள்.
"கல்யாணத்துக்குக் கெளம்புறது மாதிரில்ல இருக்கு."
கவண் இடுப்பிலேயே இருந்தது.

சித்திரையில் ஒரு காலை
கம்பியில் ஒன்றுமில்லை.
முழுச் சிவப்பும் ஏறிய பிறகு
ஒரு வாரம்கூட எங்களோடு இருந்ததில்லை.
கூட்டையோ முட்டையையோ
இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.
எங்கோ கற்களுக்கு இடையில் குஞ்சு பொரிக்குமாம்.
என் செக்‌ஷனில் முந்நூற்றெழுபது கம்பம்,
எது எந்தப் பக்கம் சாயும் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
அந்தக் கல்லுக்காட்டின் பேர் தெரியாது.

ஆடிக்காற்றில் வெறுங்கம்பி ஊளையிட்டது.
லைன் க்ளியர் வாங்கி
ட்ரான்ஸ்ஃபார்மர் ஜம்பர்களுக்கெல்லாம்
ரப்பர் ஓஸ் மாட்டினேன்.
நோட்டில் 'காரணம்' என்ற இடத்தில்
'காற்று' என்று எழுதினேன்.

இறங்கும்போது மாயக்காள்
விதைச்சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.
மேலே என்ன வேலை என்றாள்.
சும்மாதான் என்றேன்.