எந்தக் கை?

சாட்ஸ்வொர்த் மண்டபத்தில்
ஊசி போட்டவள் கேட்டாள்.
வலது, என்றேன்.
இடது அக்குளிலிருந்து பதினேழு முடிச்சுகளை
மூன்று வருடம் முன்பே எடுத்துவிட்டார்கள்.
அந்தக் கைக்கு வளையல் கிடையாது,
ரத்த அழுத்தப் பட்டை கிடையாது, கனத்த பை கிடையாது.
விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் குளிக்கும்போது
வலது அக்குளில்
வேகாத பட்டாணி ஒன்று.
சோப்பு அதன் மேல் ஏறி இறங்கியது.
வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வரும்வரை
அப்படியே நின்றேன்.

சீலனிடம் சொல்லவில்லை.
பீன்ஸ் கறியில் உப்பு இல்லை என்றான்.
எடுத்துக் கொடுத்தேன், இடது கையால்.
இரவு அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்து
விரலால் அளந்தேன்:
நேற்று பட்டாணி, இன்று மொச்சை,
நாளைக்கு என்ன?
விடியுமுன் கூரைமேல் ஹடீடா கத்தியது
எதையோ கண்டுபிடித்துவிட்டதைப் போல.

ஸ்கேன் அறையில் நொம்புசோ
பசை குளிரும் என்று மன்னிப்புக் கேட்டாள்.
நான் திரையைப் பார்க்கவில்லை.
அவள் புருவத்தைப் பார்த்தேன்;
புருவம் படிப்பதில் எனக்கு மூன்று வருடப் பயிற்சி.
பாதியில் மின்சாரம் போயிற்று.
"ஜெனரேட்டர் வந்துவிடும்," என்றாள் இருட்டில்.
அந்த இருபது நொடியில்
கெருஷ்னிக்கு வளையல்,
சின்னவளுக்குச் சங்கிலி,
தையல் மெஷின் யாருக்கு என்று
முடிவு செய்வதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

டாக்டர் வந்தார்.
"தடுப்பூசி போட்டீர்களா? எப்போது?
எந்தக் கை?"
வலது, என்றேன்.
"அப்படியென்றால் அதனால்தான் இருக்கும்.
உடம்பு பாடம் படிக்கிறது.
ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்."

இருக்கும்.
அந்த ஒரு சொல்லை மடித்து
பஸ் சீட்டோடு கைப்பையில் வைத்தேன்.

வரும் வழியில்தான் பழமொழி ஞாபகம் வந்தது:
தென்னை மரத்தில் தேள் கொட்டினால்
பனை மரத்தில் நெறி கட்டுமாம்.
சம்பந்தமே இல்லாததற்குச் சொல்வார்கள், சிரிப்பார்கள்.
எனக்குள் எல்லாம் ஒரே தோப்பு.
தோளில் கொட்டியது
அக்குளில் கட்டி,
தொண்டையில் கட்டி,
சமையலறையில் உப்பில்லாமல் போனது.

இன்று முப்பத்தொன்பதாம் நாள்.
மொச்சை திரும்பப் பட்டாணியாகி
பட்டாணி பயறாகிவிட்டது என்று நினைக்கிறேன்.
நினைக்கிறேன்.

"ஏன் எந்நேரமும் கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறாய்?"
சீலன் கேட்டான்.
குளிர், என்றேன்.

டர்பனில். நவம்பரில்.