ஆயிரத்து எண்ணூறு கிராம்

தார்த்து. நவம்பர்.
மூன்றரைக்கே விளக்கு போட்டாயிற்று.
பயிற்சியின் இரண்டாம் நாள்,
மாரிக்கா ஆளுக்கொரு துணிப்பை தந்தாள்.
உள்ளே பார்லி,
ஆயிரத்து எண்ணூறு கிராம்.

தாயாக நடிக்கும் முறை விர்வேயுடையது.
பையை மடியில் வைத்துக்கொண்டு
"ஜூன் மாதம் தவழ்கிறது" என்றாள்.

எங்கள் மொழியில் எதிர்கால வினை கிடையாது.
வரப்போவதையும்
நடப்பதுபோலத்தான் சொல்வோம்.

ஆலோசகர் நான்.
"இன்னும் வயசிருக்கே" என்பது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
"பேர் என்ன?"

விர்வே கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
புரட்டியும் பார்த்தாள்.
பிறகு
தாளில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னாள்,
வெகுநாள் யாரையும் அழைக்காத குரலில்.

யாரும் குறிப்பெடுக்கவில்லை.
நேரம் முடிந்தும்
மாரிக்கா மணியை அடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு
பைகளைத் திரும்ப அலமாரியில் வைக்க வேண்டும்.
தாவெத் முன்பு பார்னு துறைமுகத்தில்
மூட்டை தூக்கியவன்.
தன்னுடையதை அவன் போடவில்லை.
கழுத்துக்கடியில் கை கொடுத்து
மெல்லக் கிடத்தினான்.

பார்லிப் பைக்கு ஏது கழுத்து.

அவனுக்குப் பின்னால்
வரிசையில் நான்.