ஒன்பது சென்டிமீட்டர்

ஹப்புத்தளைக்குக் கீழே, ஆர்ட்மோர் தோட்டத்தில்
காலை ஏழரைக்கு
இல்லாத வீடொன்றை ஊன்றிவைக்கப் போனேன்.
பையில் ஒரு கண்ணாடி, இரண்டு பெட்டரி,
மழைக்குப் போர்த்த ஓர் உரச்சாக்கு.
ஏழு பேர்ச் நிலம். நாலு மரக்குச்சி.
நடுவே தேயிலை பிடுங்கிய குழிகள்
பல் விழுந்த ஈறுபோல.

கருவிக்குத் தேயிலை ஆகாது.
ஒரு செடி மற்றதைப் போலவே இருப்பதால்
தான் நிற்கும் இடம் அதற்குக் குழம்பும்.
ஆகவே ஆனியிலேயே மூன்று அடையாளம் ஒட்டியிருந்தேன்:
கொழுந்து மடுவத்துத் தூணில்,
மேல்பாதைப் போக்கின் சீமெந்தில்,
குச்சிகளுக்குப் பக்கத்துக் கருங்கல்லில்.
கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.
தாயக்கட்டம் என்று நினைத்த பிள்ளைகள்
கல்லின்மேல் புளியங்கொட்டை வைத்திருந்தார்கள்.

தவமலர் அரைப்பேர் போனாலும் போகட்டும் என்று வந்திருந்தார்.
கண்ணாடியை மாட்டியதும்
இல்லாத நிலைக்குத் தலை குனிந்தார்.
லயத்து வாசல் பழக்கியது.
"ஒசரமாத்தான் வச்சிருக்கீங்க" என்று நிமிர்ந்தார்.
அடுப்படிக்குப் போனார். எனக்குத் தெரிந்தது
பனிக்குள் ஒரு பெண்
வெறும் காற்றைத் தடவிப் பார்ப்பது மட்டும்.
ஜன்னலைத் தள்ளினார். அது திறக்காது,
திறக்கும்படி நான் செய்யவில்லை.
"பொகை எங்கிட்டுப் போகும்?"
குறித்துக்கொண்டேன்.

பிறகு குந்தி
அந்தத் தரைக்கும் இந்தத் தரைக்கும் இடையே
மூன்று விரல் விட்டுப் பார்த்தார்.
"மிஸ், வூடு அந்தரத்துல நிக்குது."

சிரித்தேன். நகர்வு என்போம் அதை.
கருவி கொஞ்சம் கொஞ்சமாய் மறக்கும்,
மறந்த அளவுக்கு வீடு நழுவும்.
அழித்துவிட்டுப் பொருத்தினால் தீர்ந்தது.

பொருத்தினேன். மூன்று விரல்.
பெட்டரி மாற்றிப் பொருத்தினேன். மூன்று விரல்.
துப்பட்டாவால் கமராவைத் துடைத்தேன்,
பனியைத் திட்டினேன்,
கொழும்பில் நிரல் எழுதியவனைத் திட்டினேன்.
திரை ஓரத்தில் காலையிலிருந்தே ஒரு மஞ்சள் வரி:
கல் சொல்வதை மற்ற இரண்டும் ஒப்பவில்லை.
நான்தான் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நாடாவை எடுத்தேன்.
தவமலரின் மகன் கிருஷாந்தன் முனையைப் பிடித்தான்.
தூணிலிருந்து போக்குவரை நாற்பத்தொரு மீட்டர் இருபது,
ஆனியில் எழுதியதே.
போக்கிலிருந்து கல்வரை
ஒன்பது சென்டிமீட்டர் கூட.
இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி.
ஒன்பது.

பொய்யான வீடு
வைத்த இடத்திலேயே நிற்கிறது.
கீழே மலைதான்
யாரிடமும் சொல்லாமல்
காலை மாற்றி வைத்திருக்கிறது.

படிவத்தில் பிழைக்குக் காரணம் கேட்கிறார்கள்:
கருவி. இயக்குபவர். வானிலை.
ஒன்றைத் தட்டாமல் அடுத்த பக்கம் வராது.
அதற்குக் கீழே ஒரு பொத்தான்,
நிலத்துக்கு ஏற்பத் திருத்து.
அழுத்தினால் போதும், வீடு இறங்கி வந்து
சமர்த்தாய் மண்ணில் உட்காரும்.
வெள்ளிக்கிழமை பதுளையிலிருந்து வருகிறவர்கள்
கச்சிதம் என்பார்கள்.

தவமலர் கண்ணாடியைக் கழற்றினார்.
நெற்றியில் அதன் விளிம்பு பதிந்திருந்தது,
கொழுந்துக் கூடையின் கயிறு பதியும் அதே இடத்தில்.
"சரியாயிருச்சா மிஸ்?"
நான் பேசாமலிருந்தேன்.
கீழே பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு புகை.
"எங்க செவுத்துலயும் ஒரு வெடிப்பு இருக்கு.
ஐப்பசியில நூல் தடிப்பு.
இப்ப ரெண்டு ரூவாக் குத்தி உள்ள போகும்."
விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"எந்தக் காம்பரா?"

கண்ணாடியைக் கல்லின்மேல் வைத்தேன், அணைக்காமல்.
கிருஷாந்தன் நாடாவின் முனையை விடாமலேயே
சரிவில் முன்னால் ஓடினான்.
என் கையிலிருந்து அது
கிர்ரென்று அவிழ்ந்துகொண்டே போனது.