ஆண்டறிக்கையில் சேராதவை

உறுப்பினர் முப்பத்திரண்டு. சந்தா கட்டியவர் பதினான்கு.
இது அறிக்கையில் இருக்கிறது.
மானிட்டர் ஆறு, வெளிச்சம் வருவது நான்கு,
யூபிஎஸ் பாட்டரிக்கு எண்ணூறு பாக்கி,
எல்லாம் இருக்கிறது.

கடலூர் முதுநகர், வலைக்கடை மாடி.
ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன்.
மற்ற நாளில் மின்வாரியத்தில் ரீடிங் சரிபார்ப்பவள்.
இங்கே செயலாளர், பொருளாளர்,
பெருக்குகிற ஆள்.

உப்புக்காற்று யாரையும் விடாது.
யுஎஸ்பி வாயில் பச்சை பூத்துவிடும்.
மெமரியைப் பிடுங்கி, அதன் பொன்விளிம்பைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினால்
பாதி நோய் தீரும்.
மீதிப் பாதிக்குத்தான் சங்கம்.

ஆடியில், கரெண்ட் போன ஒரு ஞாயிற்றில்
ஐஸ் கம்பெனி கணக்கர் பரக்கத்துல்லா ஏறி வந்தார்.
கையில் பிளாஸ்டிக் கவர்,
மீன் வாங்கி வருவதுபோல் பிடித்திருந்தார்.
உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க்.
"நாலு வருஷக் கடன் கணக்கு மேடம்.
இருநூறு போட்டு. இது போனா
மொதலாளி என்னையும் ஐஸ்ல வெச்சுடுவாரு."

சிரித்தோம். எல்லாரும் சிரிக்கவில்லை.
அறையில் பாதிப் பேர் சோதிக்குப்பம், அக்கரைகோரி.
ஐஸ் இல்லாமல் படகு போகாது.
கடன் இல்லாமல் ஐஸ் வராது.
தேவராசு வெளிப்படையாகவே சொன்னான்:
"செத்தது செத்ததாவே இருக்கட்டுமே அக்கா."
யாரும் மறுக்கவில்லை.
நானும்.

சங்க விதி ஒன்பது:
கொண்டுவருபவர் யாரென்று பார்த்துப் பழுதுபார்ப்பதில்லை.
எழுதியவள் நான்.
எழுதும்போது மனசில் இருந்தது சாதி, பிறகு கட்சி.
ஐஸ் தோன்றவேயில்லை.

இளந்திரையன் மட்டும் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டான்.
கரெண்ட் வந்ததும் இணைத்து மறுபடி கேட்டான்.
டக். டக். இடைவெளி. டக்.
"உயிர் இருக்கு" என்றான்.

நாலு ஞாயிறு.
கறுப்புத் திரையில் ஒரு சதவீதம் நகர
ஒரு டீ ஆறிப்போகும்.
துண்டு துண்டாய்ப் படித்து வேறு டிஸ்க்கில் இறக்கினான்.
படிக்க மறுத்த இடத்தைத் தாண்டிப் போய்
பின்பக்கமாய் வந்து திரும்பக் கேட்டான்,
கோபித்துக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல.
தேவராசு இரண்டு வாரம் வரவில்லை.
மூன்றாம் வாரம் வந்து
ஒன்றும் பேசாமல் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டான்.

கோப்பு கிடைத்தது. திறந்தால் தமிழ் இல்லை.
பழைய எழுத்துருவில் அடித்த பெயர்களெல்லாம்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தன,
தளத்தில் கொட்டிய கலப்பு மீன்.
யூனிகோடுக்கு மாற்ற நிரல் எழுத வேண்டும்.
எழுதினான்.
ஆனால் அதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும்.
டிடிபி கடையில் மூன்று வருடம்
அதே விசைகளில் அடித்த விரல்கள்
எந்தச் சிதறலையும் படிக்கும்.

எண்டர் தட்டினான்.
பெயர்கள் எழுந்து நின்றன, ஊரோடு, தொகையோடு.
நூற்றுப் பதினேழாம் வரியில்
மீட்க முடியாத துண்டு ஒன்று விழுந்திருந்தது:
இரண்டு கட்டம், பிறகு "முத்து, சோதிக்குப்பம்,
நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு."

சோதிக்குப்பத்தில் முத்து என்று முடியும் பெயர்
இருபதாவது இருக்கும்.
பச்சைமுத்து, வைரமுத்து, காத்தமுத்து,
அவன் அப்பா நாகமுத்து.
நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
விடு தம்பி, மீட்டது வரைக்கும் போதும் என்று
தொழில்முறையாகவே சொல்லியிருக்கலாம்.
அது பொய்யும் இல்லை.

கர்சரைக் கட்டத்துக்கு முன்னால் வைத்தான்.
கீழே வலைக்கடையில் யாரோ தராசுக்கல்லைப் போட்டார்கள்.
நா என்று அடித்தான்.
க என்று அடித்தான்.
சேமித்தான்.

பரக்கத்துல்லா ஐந்நூறு நீட்டினார். சங்கம் வாங்குவதில்லை.
மறுவாரம் ஒரு பெட்டி ஐஸ் அனுப்பிவிட்டார்.
படிக்கட்டெல்லாம் தண்ணீர்.
என்ன செய்வதென்று தெரியாமல்
சர்பத் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனது
தேவராசும் இளந்திரையனும்.

அறிக்கையில் ஒரு வரி:
டிஸ்க் ஒன்று, தகவல் மீட்பு, செலவு இல்லை.
அடுத்த பொருள், பாட்டரி.