பதினோராம் மணி

திராட்சைத் தோட்டம் எங்களில் யாரும் கண்டதில்லை.
மஸ்கெலியா டவுன் பழக்கடையில்
விலை எழுதி வைத்த பெட்டிக்குள்
எட்ட நின்று பார்த்ததோடு சரி.
அதனால் நாடகத்தில் தேயிலைதான்.
சந்தைவெளி, பெரட்டுக்களம் ஆயிற்று.
வெள்ளிக்காசுக்கு
சோடாப் போத்தல் மூடிகளைக் கல்லால் தட்டி
நிமிர்த்திக்கொண்டிருந்தான் யூஜின்.

அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் இரண்டு ஞாயிறு.
சர்ச்சுத் தகரத்தில் மழை அடிக்க அடிக்க
கத்திக் கத்தி ஒத்திகை.

தோட்டத்துச் சொந்தக்காரனாக ஆள் கிடைக்கவில்லை.
"ஒரு மணித்தியாலம் நின்னவனுக்கு
முழுப்பேர் போடுற துரைய
நான் எங்க போய்ப் பார்த்து நடிக்கிறது?"
டெரன்ஸ் கேட்டதில் நியாயம் இருந்தது.
சப்பாத்து வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.
கடைசியில் அவனே துரை.

எனக்குக் கிடைத்தது
விடியலில் வந்து மாலையில் முறுமுறுக்கிற ஆள்.
"வெயில்ல காஞ்சது நாங்க,
இப்ப வந்தவளுக்கும் அதே காசா?"
முதல் தடவையே கைதட்டினார்கள்.
இவ்வளவு இயல்பாய் எங்கே பழகினாய் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பழகினேன்.
மேக்கணக்கில், பதினாலாம் நம்பர் மலையில்.
ஏழு மணிக்கே நிரை பிடித்தவள் நான்.
பத்து மணித் தேத்தண்ணி முடிந்த பிறகு வந்தாள் பிரிஸ்கா.
கொழும்பு உடுப்புக்கடையில் இரண்டு வருஷம்.
கடைசி மூன்று மாதச் சம்பளம் தராத முதலாளி.
கொண்டுவந்தது ஒரு பேக்,
சார்ஜ் நிற்காத ஒரு போன்.
விரல்கள் கொழுந்தை மறந்திருந்தன.
பின்னேரம் அவள் சாக்கில் பதினாலு கிலோ இருந்திருக்கும்.
பதினெட்டு இல்லாவிட்டால் அரைப்பேர்.

மடுவத்துக்கு இறங்கும் கல்லுப்பாதையில்
யாரும் எதுவும் பேசவில்லை.
மெர்சியக்கா அள்ளி அவள் சாக்கில் போட்டாள்.
பின்னால் வந்த செல்வராணி இரண்டு தடவை.
சர்ச்சுப் பக்கமே வராத,
இந்த உவமையைக் கேட்டே இராத
காளியம்மாச் சித்தி படங்கு நிறைய.
என் சாக்கில் இருபத்திரண்டு இருந்தது.
சாக்கின் வாயைச் சுருட்டி
கயிறு போட்டு இறுக்கினேன்.

தராசு முள் பதினெட்டைத் தொட்டு
நடுங்கி நின்றது.
அவளுக்கும் முழுப்பேர்.

நாடகத்தில் பிரிஸ்காவுக்கு ஒரே வரி.
பதினோராம் மணிவரை சும்மா நிற்கிறவள் அவள்.
இடுப்பில் கைவைத்து டெரன்ஸ் கேட்கிறான்,
"நாள் முழுக்க ஏன் இங்கயே நிக்கிற?"
எழுதிக் கொடுத்திருந்தது
யாரும் கூப்பிடவில்லை என்று.
அவள் சொன்னாள்:
"கூப்பிட்டாங்க சேர்.
விலாசத்தில லயம்னு இருந்திச்சி.
பிறகு கூப்பிடல்ல."

மழைச் சத்தம் மட்டும்.
யூஜின் கையிலிருந்து ஒரு மூடி நழுவி
பிரசங்கபீடத்தடிவரை உருண்டுபோய்ப் படுத்தது.

அடுத்தது நான். முறுமுறுக்க வேண்டும்.
வாய் திறந்தேன்.
மறந்திட்டியா என்று சிரித்தார்கள்.
மறக்கவில்லை.

திங்கள். திரும்பவும் பதினாலாம் நம்பர்.
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கணுக்காலோடு
எனக்கு முன்னால் இறங்கினாள்.
இன்றைக்கும் அவள் சாக்கு மெலிந்துதான் ஆடியது.
கயிற்றை அவிழ்த்தேன்.
ஒரு பிடி.
இன்னொன்று.
மூன்றாவது அள்ளுகையில்
கை கொஞ்சம் சிறுத்ததை நானே பார்த்தேன்.
அவள் திரும்பவில்லை.
பாரம் ஏற வசதியாய்
இடுப்பைச் சரித்து நின்றாள், அவ்வளவுதான்.

கொடுத்தேன்.
எண்ணிக்கொண்டேதான் கொடுத்தேன்.
மூன்று பிடி.
இன்னும் ஞாபகம் இருக்கிறது.