ஜூலை கடைசிச் சனி

முழங்கால் நீரில் பதினோரு பேர்.
ஷெஃபீல்டில், டான் ஆறு
மூடிய எஃகாலையின் சுவரை உரசிப்போகும் இடம்.
இன்று இமயத்துக் காசித்தும்பை பிடுங்கும் நாள்.

"முதல் கணுவுக்குக் கீழே ஒடியுங்கள்" என்கிறாள்
ஹெஸ்தர் ஆலரன்ஷா. அவள் கையுறையில் ஓட்டை.
ஆளுயரத் தண்டு,
இழுத்தால் முள்ளங்கி அளவுக்குக்கூட முரண்டாமல்
கையோடு வந்துவிடுகிறது.
இதைத்தான் ஆக்கிரமிப்பு என்கிறது அறிவிப்புப் பலகை.

போன வருடம் இதே கரையை மொட்டையடித்தோம்.
படம் எடுத்துக்கொண்டோம்.
நவம்பர் மழையில் கரை ஒரு முழம் சரிந்தது.
கலங்கல் அளக்கும் என் கண்ணாடிக் குழலில்
ஆறு கோகோவாக நின்றது.
சரளையில் மீன் இட்டுவைத்த முட்டைகளின்மேல்
எத்தனை விரற்கடை சேறோ.

பிடுங்காமல் விட்டிருந்தாலும்
முதல் உறைபனிக்கே செத்து
கரையை அம்மணமாக விட்டுப்போகிற செடிதான்.
அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை நான்.
ஆனால் ஆற்றைச் சுவருக்குள் நிமிர்த்தியது அது இல்லை.
மேலே கார் நிறுத்துமிடத்துத் தார்மீது பெய்வதையெல்லாம்
பத்தே நிமிடத்தில் இங்கே கொட்டுகிறதே,
அந்தக் குழாயைப் பதித்ததும் அது இல்லை.
குழாயைப் பிடுங்க
எந்தச் சனிக்கிழமையும் யாரும் வருவதில்லை.

உலைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற முக்பில்
குவியலை மிதித்து அமுக்குகிறார்.
"உங்களைப் போலவே இதுவும் தூரத்திலிருந்து..."
முடிக்க விடவில்லை.
"என்னை இதில் இழுக்காதே.
ஏடனில் என் கையில் வேலைக் கடிதம் இருந்தது.
இதை யார் கூப்பிட்டார்கள்?"
இரண்டு மிதி கழித்து அவரே:
"கூப்பிட்டார்கள்தான். தோட்டத்துக்கு அழகென்று."

எதிர்க்கரையில் அத்தி.
அதுவும் வெளியூர்.
யாரோ தின்ற பழத்தின் விதை சாக்கடை வழியே வர,
உலையைக் குளிர்வித்த வெந்நீரில் முளைத்ததாம்.
வெட்டக் கூடாதென்று ஹெஸ்தரே
வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.
ஆலை மூடியது, ஆறு ஆறிவிட்டது,
புதிய அத்தி முளைப்பதில்லை.
பெருகாத அந்நியரை
நமக்குப் பிடித்துவிடுகிறது.

பிடுங்கிப் போட்ட பூவுக்குள்ளிருந்து
முதுகெல்லாம் வெள்ளைப் பொடியோடு
ஒரு தேனீ பின்பக்கமாக வெளியேறுகிறது.
ஹெஸ்தர் அதைப் பார்த்தாள்,
சரிந்த கரையைப் பார்த்தாள்.
"இங்கிருந்து பாலம்வரை விட்டுவிடுவோம்.
பிப்ரவரியில் வில்லோக் கழி ஊன்றி,
அது வேர்பிடித்தபின் பிடுங்கலாம்."
"கீழே ராதர்ஹாம்காரர்கள் திட்டுவார்கள்."
"திட்டட்டும். நியாயம்தானே."

இரவு, சமையலறையில்
சட்டைப்பையைக் கவிழ்த்தேன்.
எனக்குத் தெரியாமல் வந்திருந்த ஒரு காய்
விரல் பட்டதும் டப்பென்று வெடித்தது.
பாத்திரத் தொட்டியில் கறுப்பாய் ஒரு விதை.
குழாயைத் திறக்கப் போன கை
அப்படியே நின்றது.
இந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியும்.