தொடரட்டும்

காலை ஏழரை. கருவிக்கு முதலில்
அறைக்காற்றை ஊட்டினேன்.
உயிர்வளி இருபது புள்ளி ஒன்பது மூன்று.
செம்பனை ஆலையின் புளித்த நெடியும்
கூடவே உள்ளே வந்திருந்தது;
அதற்குத் திரையில் கட்டம் இல்லை.

தவமலர், பாகாவ் வட்டார லீக் நடுவர்,
ஓட்டத் தேர்வில் இரண்டு தடவை தோற்றவள்.
"எது பத்தல, காலா, காத்தா?
அத மட்டும் சொல்லு. ஆறுதல் வேணாம்."

விசில் ஊதும் வாயை
முகமூடிக்குள் அடைத்தேன்.
இனிப் பேச்சு விரலில்தான்:
கட்டைவிரல் உயர்ந்தால் ஓட்டம்,
உள்ளங்கை விரிந்தால் நிறுத்தம்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு ஏற்றம்.
பெல்ட் ஐந்தாம் கட்டை மேடாக நிமிர்ந்தது.
நடுவே அரை நிமிடம் நிறுத்தி
காதுமடலில் ஒரு துளி ரத்தம்;
அவள் கடிகாரத்தையே பார்த்தாள்.

பதினோராம் நிமிடம்.
ஏறிய கோடு வளைந்து படுக்கப் பார்த்தது.
நாடி நூற்றுத் தொண்ணூற்று இரண்டு.
யார் ஓடினாலும் "விடாதே, விடாதே" என்று
கத்துவது என் வேலை.
தொண்டை வரவில்லை.
சிவப்புப் பொத்தானுக்குக் கை போனது.

அப்போது அவள்
இரு கைகளையும் முன்னால் வீசினாள்:
தவறைப் பார்த்துவிட்டேன்,
ஆட்டம் தொடரட்டும் என்று
திடலில் காட்டுவாளே, அது.

கையை எடுத்தேன்.
இன்னும் நாற்பத்தொரு விநாடி.

முகமூடி கழன்ற கன்னத்தில் பட்டைத் தடம்.
நாற்பத்து நான்கு என்றேன்.
"அப்ப காத்து இல்ல,"
இருமிக்கொண்டே சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள்,
"காலுதான்."

மைலோ பொட்டலத்தில் குழலைக் குத்திக் கொடுத்தேன்.
ஒரே இழுப்பில் ஒட்டிப்போயிற்று.